மொட்டைக் கடிதமும் ஒட்டிய கடிதமும்



கையெழுத்தில்லாமல் வரும் கடிதத்தை நம் பெரியோர் மொட்டைக் கடிதம் என்றார்கள். அதை எழுதியவனைக் கோழை என்று இகழ்ந்தார்கள். பிறருக்கு வந்த ஒட்டிய கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் குற்றமே என்று அவர்களே கற்பித்தார்கள். மீன்பிடி படகிலும் உப்பளத்து வரப்பிலும் கைப்பேசி ஒலிக்கும் இக்காலத்தில் இவ்விரு பாடங்களும் நமக்கு வேண்டும். ஆகையால், இணையத்தில் பெயரை மறைத்துப் பேசுவதைப் பற்றியும், நம் பேச்சு எவ்வளவு தூரம் கண்காணிக்கப்படுகிறது என்பதைப் பற்றியும் இவ்வாரம் ஆராய்வோம்.

1. இணையத்தில் பெயரை முற்றிலும் மறைக்க முடியுமா?

முடியாது. பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கினால் அடுத்த வீட்டுக்காரருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சிம் கார்டு வாங்கும்போதே அடையாளச் சான்று கொடுத்திருக்கிறோம். இணையத்தில் நுழையும்போது நமக்கு ஓர் எண் கிடைக்கிறது; எந்த எண் எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்பது கம்பெனியின் ஏட்டில் பதிவாகிறது.

வாட்ஸ்அப் செய்தி ஒட்டிய கடிதம் போன்றது. அனுப்பியவரும் பெறுபவருமே அதைப் படிக்க முடியும். ஆனால் உறையின் மேலுள்ள விவரம், அதாவது யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது, அவ்விதம் மறைக்கப்படுவதில்லை. ஒருவர் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கும், காலையில் வக்கீலுக்கும், மாலையில் அடகுக்கடைக்கும் பேசினார் என்று தெரிந்தால் போதும். என்ன பேசினார் என்று கேட்கவே வேண்டியதில்லை!

2. சர்க்கார் எவ்வளவு தூரம் கண்காணிக்கலாம்?

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ம் பிரிவு இதற்கு அதிகாரம் தருகிறது. 2018 டிசம்பர் 20-ந் தேதி மத்திய உள்துறை 10 நிறுவனங்களுக்கு இவ்வதிகாரத்தை வழங்கியது. கண்காணிக்க உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும்; நீதிபதியின் உத்தரவு வேண்டியதில்லை. அவ்வுத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது.

ஓர் ஆளைக் குறித்துக் கண்காணிப்பது தூண்டில் போடுவதற்கு ஒப்பாகும். எல்லோருடைய விவரத்தையும் சேர்த்து வைப்பதோ சுருக்குமடி வலை. அது குஞ்சையும் சேர்த்து வாரும். அமெரிக்க சர்க்கார் தன் ஜனங்களின் தொலைபேசி விவரங்களை இப்படி வாரி வந்ததை 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். 2015-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் அதை நிறுத்திச் சட்டம் செய்தது.

நமக்குத் தெற்கே புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியாரை வெள்ளைக்கார சர்க்காரின் இரகசியப் போலீசார் பின்தொடர்ந்தனர். ஒரு மனிதரைக் கண்காணிக்க அன்று பல ஆட்கள் வேண்டியிருந்தது. அந்தச் செலவே ஒரு கட்டுப்பாடாகவும் இருந்தது. இன்று ஒரு யந்திரம் கோடிப் பேரைக் கவனிக்கும். அதற்குச் சம்பளமும் இல்லை, தூக்கமும் இல்லை.

3. அப்படியானால் குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா?

கட்டாயம் பிடிக்க வேண்டும். 2016-ல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை ஆபாசமாக மாற்றி யாரோ முகநூலில் போட்டான். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தும் அவள் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் இறந்த பிறகு, இணைய எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துக் கைது செய்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், அவனைப் பிடிக்க நாட்டிலுள்ள எல்லோரையும் கண்காணிக்க வேண்டியிருக்கவில்லை. புகாரை விரைந்து கவனிப்பதே வேண்டியிருந்தது.

2018-ல் சென்னை ஹைகோர்ட்டில், சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் முதலிய அடையாளச் சான்றுகளோடு இணைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். இணையக் குற்றங்களைத் தடுப்பதே அவர்கள் சொன்ன நோக்கம். அவ்வழக்கு நாளடைவில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறியும் வழியைப் பற்றியதாக மாறியது. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய சர்க்காரின் விதிகள், பெரிய செய்திக் கம்பெனிகள் அவ்வழியை வைத்திருக்க வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. ஒருவனுக்காகப் பூட்டை உடைத்தால் எல்லோருடைய பூட்டும் உடைந்துபோகும் என்பதே அதன் வாதத்தின் சாரம்.

4. "நான் குற்றம் செய்யவில்லையே, எனக்கென்ன பயம்?"

இப்படிக் கேட்பவர் பலர். கூலிப் பாக்கியைக் குறித்துப் புகார் எழுதும் உப்பளத் தொழிலாளி செய்த குற்றம் என்ன? கணவனின் அடி தாங்காமல் யோசனை கேட்கும் பெண் செய்த குற்றம் என்ன? பெயர் வெளிப்பட்டால் ஒருவருக்கு வேலை போகும், மற்றவருக்கு உயிரே போகலாம். சர்க்காரின் சைபர் குற்ற இணையதளமே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான ஆபாசக் குற்றங்களைப் பெயர் சொல்லாமல் தெரிவிக்க வழி வைத்திருக்கிறது.

2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். சர்க்கார் அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். 2025 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு, 2011-ல் பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் இரகசியமாக ஒட்டுக்கேட்பதற்கு அன்றைய தந்திச் சட்டம் இடந்தரவில்லை என்பது அதன் முடிவு. திருச்சபைச் சட்டத்தின் 220-ம் பிரிவும் ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் சேர்த்தே காக்கிறது.

5. நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பெயரை மறைத்து எவரையும் அவதூறு செய்யாதீர்கள். எட்டாம் கற்பனை கைப்பேசிக்கும் உண்டு.

இரண்டாவது, பிறர் படத்தையும் செய்தியையும் அவர் சம்மதமின்றி அனுப்பாதீர்கள். கணவன் மனைவியானாலும் ஒருவர் கைப்பேசியை மற்றவர் ஒளிந்து பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, இணையத்தில் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவியுங்கள். பெற்றோரே, அப்படி வந்து சொல்லும் மகளை முதலில் திட்டாதீர்கள்.

நான்காவது, எல்லோரையும் கண்காணித்தால்தான் பாதுகாப்பு என்று எவர் சொன்னாலும், யார் உத்தரவின் பேரில், எத்தனை நாளைக்கு, யாரிடம் கணக்குக் காட்டுவார்கள் என்று கேளுங்கள். அது குடிமக்களாகிய நம் உரிமை.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவனைத் தேடிப் பிடிக்கட்டும். அதற்காக ஊரார் கடிதங்களையெல்லாம் பிரிக்க வேண்டியதில்லை.