ஆயா சோபியா

ஐரோப்பாவும் ஆசியாவும் எதிரெதிர் நிற்கும் பாஸ்பரஸ் நீரிணையின் கரையில், இஸ்தான்புல் மாநகரில், பெருங்குவிமாடம் ஒன்று ஓங்கி நிற்கின்றது. அதுவே ஆயா சோபியா. கிரேக்க மொழியில் அப்பெயர் 'தூய ஞானம்' எனப் பொருள்படும். அந்நகர் முற்காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் என வழங்கிற்று.

கி.பி. 532-இல் மூண்ட நீக்கா கலகத்தில், அவ்விடத்திருந்த பழைய தேவாலயம் தீக்கிரையாயிற்று. பேரரசர் ஜஸ்டினியன், கணித வல்லுநராகிய அந்தேமியஸ், இசிடோர் என்னும் இருவரை அழைத்துப் புதியதொன்று எடுக்குமாறு பணித்தார். ஆறாண்டு நிரம்புமுன்னரே, 537 டிசம்பரில், ஆலயம் திறக்கப்பெற்றது. சதுரத்தின்மேல் வட்டத்தை எங்ஙனம் நிறுத்துவது? நான்கு பெருந்தூண்களை நாட்டி, அவற்றிடையே நான்கு வளைவுகளை எழுப்பி, வளைவுகளுக்கு இடைப்பட்ட மூலைகளை வளைந்த முக்கோணங்களால் நிரப்பி, அவற்றின்மேல் மாடத்தை அமர்த்தினர். அடிவிளிம்பிலுள்ள 40 பலகணிகளின் வழியே ஒளி பாய்தலால், மாடம் பற்றுக்கோடின்றி மிதப்பதுபோல் தோன்றும்.

ஆயினும் நிலநடுக்கங்களால் தளர்ந்த அம்மாடம் 558-இல் இடிந்து வீழ்ந்தது. இசிடோரின் உறவினரான இளைய இசிடோர் அதனை முன்னினும் உயர்த்திக் கட்டினார். உயரம் கூடினால் இடர் கூடுமன்றோ எனச் சிலர் ஐயுறலாம். தட்டையான மாடமே சுவர்களை மிகுதியாகப் புறந்தள்ளும். உயர்ந்த மாடத்தின் பாரம் பெரிதும் கீழ்நோக்கியே இறங்கும்.

எட்டாம் நூற்றாண்டில் திருவுருவ வழிபாடு தகாதென்னும் கொள்கை அரசவையில் ஓங்கியது. 843-இல் அத்தடை நீங்கிற்று. 867-இல் குழந்தையை ஏந்திய மரியன்னையின் உருவம் வண்ணச் சில்லுகளால் பதிக்கப்பெற்றது. 1204-இல் இவ்வாலயத்தைச் சூறையாடியவர் வேற்றுச் சமயத்தார் அல்லர். சிலுவை தாங்கி வந்த மேலைநாட்டுக் கிறித்தவர்களே! 1261 வரை இது ரோமத் திருச்சபையின் கோயிலாயிருந்தது.

1453-இல் சுல்தான் இரண்டாம் மெகமது நகரை வென்று, ஆலயத்தைப் பள்ளிவாசலாக்கினார். ஆலயம் கிழக்கு நோக்கியது. மக்கா நகரோ தென்கிழக்கில் உள்ளது. ஆதலின் தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் நடுவினின்று சற்றே விலக்கி அமைக்கப்பட்டது. காலப்போக்கில் மினாராக்கள் நான்கு எழுந்தன. பதினாறாம் நூற்றாண்டில் சினான் என்னும் சிற்பி முட்டுச் சுவர்களால் கட்டடத்தை வலுப்படுத்தினார். அவர் உழைப்பின்றேல் மாடம் இன்று நிலைத்திருத்தல் அரிதே.

உருவங்கள் காலப்போக்கில் சுண்ணச்சாந்தால் மூடப்பட்டன. மூடியது அழித்ததாகாது, சாந்தின் கீழ் அவற்றுட் பல பிழைத்துக் கிடந்தன. 1847 முதல் 1849 வரை பழுது பார்த்த பொசாத்தி உடன்பிறப்பாளர் அவற்றைத் திறந்து கண்டு, வரைந்துகொண்டு, மீண்டும் மூடினர். 1931-இல் விட்டிமோர் என்னும் அமெரிக்க அறிஞர் துருக்கி அரசின் இசைவுடன் சாந்தை அகற்றத் தொடங்கினார். 1934-ஆம் ஆண்டின் ஆணைப்படி, 1935-இல் அஃது அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. 2020-இல் அவ்வாணை நீக்கப்படவே, மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அவ்வாண்டு முதல் தொழுகை நிகழ்ந்தபொழுது, மரியன்னை உருவத்தின் முன் வெண்டிரை தொங்கவிடப்பட்டது.