நீர்க்கரை விடுதிகளும் முதலைகளும்

நீர்க்கரையில் உறைதல் மக்கள் உள்ளத்திற்கு எக்காலத்தும் இனிதாகவே இருந்துவருகின்றது. செல்வமும் ஓய்வும் பெருகுங்கால் ஏரிக்கரைகளிலும் கடற்கரைகளிலும் உல்லாச விடுதிகள் எழுகின்றன. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்கிழக்குக் கோடியிலுள்ள பிளாரிடா மாகாணம் இத்தகைய விடுதிகளுக்குப் பேர்போனது. பனியாலும் குளிராலும் வருந்தும் வட மாகாணத்தார் வெயிலும் நீரும் வேண்டி ஆண்டுதோறும் அங்குத் திரள்திரளாகச் செல்கின்றனர். அவர்கள் சென்று தங்கும் ஏரிகளிலும் குளங்களிலும் அவர்களுக்கு முன்னரே குடியிருக்கும் பிராணி ஒன்று உண்டு. அதுவே அலிகேட்டர் எனப்படும் முதலை. விருந்தினராக வந்த மனிதரும் அந்நீருக்கு உரியதாகிய முதலையும் ஒரே கரையில் எதிர்ப்படுங்கால் நேரும் இடரைப் பற்றியும், அவ்விடரில் மனிதரின் பங்கு எத்துணை என்பது பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம். யான் அந்நாட்டைக் கண்டவனல்லன். நூல்களிலும், அந்நாட்டு அரசினர் வெளியிட்ட அறிக்கைகளிலும் கற்றவற்றையே கூறத் துணிகின்றேன்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ் பயில்வானுக்கு அவ்வாசை விடாதன்றோ! ஸ்பானியர் அமெரிக்காவிற் குடியேறிய காலத்தில் இப்பிராணியைக் கண்டு 'எல் லகார்ட்டோ' என்றனர். அதற்குப் 'பல்லி' என்பதே பொருள். அச்சொல்லே ஆங்கிலேயர் நாவில் அலிகேட்டர் எனத் திரிந்தது. நம் குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்றனைப் பிரித்துக் கூறுகின்றது. எனினும் அம்மூன்றுள் எதுவும் அலிகேட்டரைக் குறித்தல் இயலாது. அவ்வினம் நம் நாட்டு நீர்நிலைகளில் இயல்பாக வாழ்வதன்று. உலகில் அது வாழுமிடங்கள் இரண்டே. ஒன்று ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதி. மற்றொன்று சீனத்து யாங்சி ஆற்றுப் புறம். சீனத்து இனம் உருவிற் சிறியது. எண்ணிக்கையிலும் மிகக் குறைந்துவிட்டது. ஆதலின் இக்கட்டுரையில் முதலை என வருமிடமெல்லாம், வேறு குறிப்பு இல்லாவிடின், அமெரிக்க அலிகேட்டரையே கொள்க. அதன் மூக்குப்புறம் அகன்று வட்டமாயிருக்கும். வாய் மூடிய நிலையிற் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தோன்றாது. மற்றை முதலைகளுக்கு அப்பல் வெளியே நீண்டு தெரியும். பிளாரிடாவின் தென்கோடியில் மட்டும் இவ்விரு வகையும் ஒருங்கே வாழ்கின்றன.

திருவள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் முதலையை உவமையாக எடுத்து, ஆழ்ந்த நீரில் அதற்குள்ள வலிமையையும், நீரைவிட்டு நீங்கியவிடத்து அவ்வலிமை இன்மையையும் காட்டுகின்றார். ஆனால் விடுதிக்கு வருவோர் ஆழ்ந்த நீருக்கும் செல்வதில்லை. முதலையை நிலத்தில் எதிர்ப்பதுமில்லை. அவர்கள் நிற்குமிடம் நீரும் நிலமும் கூடும் ஓரமாகும். கணுக்கால் அளவு நீரில் இடரில்லை என்று எண்ணுவது மனிதர் இயல்பு. முதலைக்கோ அவ்வோரமே வேட்டைக்களம். மான், பன்றி, முயல் முதலியன நீருண்ண வந்து குனியுமிடம் அதுவன்றோ?

அதன் உடலமைப்பு முழுதும் அவ்வேட்டைக்கே அமைந்தது போலும். கண்ணும் மூக்குத்துளையும் தலையின் மேற்புறத்தில் இருப்பதால், உடல் முழுதும் நீருள் மறைந்திருக்க அவை மட்டும் மேலே தோன்றும். அந்திக்குப்பின் நோக்குவார்க்கு மிதக்கும் மரப்பட்டையோ முதலையோ என வேறுபாடு தெரியாது. தாடைகளின் தோலிற் கறுத்த சிறு புள்ளிகள் பல உள்ளன. அவை நீரின் மேற்பரப்பில் எழும் நுண்ணிய அலையையும் உணரவல்லன என்பதை 2002-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நிறுவியது. காரிருளிலும், ஓசை சிறிதும் இன்றேனும், நீரில் ஒன்று அசைந்ததாயின் முதலை அப்புறம் திரும்பும். சிறு குழந்தை கையால் நீரை அளைதலும், நாய் நாவால் நீரை நக்குதலும் அதற்கு ஒருவகை அழைப்பாகவே முடிகின்றன. தாடைகளை மூடும் தசைகளின் வலிமை அளவிறந்தது. திறக்கும் தசைகளோ மிக மெலியவை. தேர்ந்தவன் ஒருவன் மூடிய வாயைக் கையால் இறுகப் பிடித்திருத்தல் கூடும். ஆயினும் மூடிய வாயைப் பற்றும் வாய்ப்பு விருந்தினருக்கு எங்கே கிட்டும்?

அதன் குருதி தானே வெப்பம் உண்டாக்கிக்கொள்வதன்று. காற்றின் வெப்பம் 21 பாகைக்குக் கீழே இறங்கினால் அது இரையை வெறுக்கும். 13 பாகைக்குக் கீழே சென்றால் மடிந்து கிடக்கும். 28 முதல் 33 பாகை வரையுள்ள வெப்பத்தில் அதன் சுறுசுறுப்பு மிகும். மே, ஜூன் மாதங்களில் இணைகூடி, ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் பெண்முதலை கூடமைத்து முட்டையிடும்; ஆகஸ்டு நடுவிலிருந்து குஞ்சுகள் வெளிவரும். கூட்டையும் குஞ்சுகளையும் காக்கும் தாய் அருகணைவாரைச் சினந்து சீறும். அந்நாட்டுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறையும் இக்கோடைத் திங்கள்களிலேயே வருகின்றது. குடும்பங்கள் நீரை நாடும் காலமும், மாலைப்பொழுதும், முதலையின் ஊக்கம் மிக்க காலத்தோடும் பொழுதோடும் ஒன்றுகின்றன.

இனி, இடர் பெருகிய காரணத்தை நோக்குவோம். 1774-ஆம் ஆண்டில் வில்லியம் பார்ட்ரம் என்னும் தாவர நூலறிஞர் பிளாரிடாவின் ஸெயின்ட் ஜான்ஸ் ஆற்றிற் படகு செலுத்திச் சென்று, தம்மைச் சூழ்ந்த முதலைக் கூட்டங்களைப் பற்றி வியப்போடும் அச்சத்தோடும் எழுதினார். பின்வந்தோர் தோலுக்காக அவற்றைக் கணக்கின்றிக் கொன்றனர். 1962-இல் பிளாரிடா அரசு வேட்டையைத் தடைசெய்தது. 1967-இல் அழியும் நிலையிலுள்ள பிராணிகளின் வரிசையில் அலிகேட்டர் சேர்க்கப்பட்டது. காவல் நற்பயன் அளித்தது. 1987-இல், இனம் மீண்டுவிட்டது என்று அறிவித்து, அவ்வரிசையினின்றும் நீக்கினர். இன்று அம்மாகாணத்தில் ஏறக்குறைய 13 லட்சம் முதலைகள் வாழ்வதாக மதிப்பிடுகின்றனர். 67 மாவட்டங்களுள் அவை இல்லாத மாவட்டம் ஒன்றேனும் இல்லை.

முதலை பெருகியது போலவே மனிதரும் பெருகினர். 1950-இல் 28 லட்சத்திற்குச் சிறிது குறைவாயிருந்த குடித்தொகை 2020-இல் 2 கோடியே 15 லட்சத்தைக் கடந்தது. சதுப்பு நிலங்களை வடித்து வீடு கட்டினர். வீட்டின் அடித்தளத்தை உயர்த்துதற்கு மண் வேண்டும். மண் எடுத்த பள்ளம் குளமாயிற்று. மழைநீர் வடிந்து தேங்குதற்கும் குளம் தோண்டினர். கோல்ப் ஆடும் மைதானத்திற்கு அழகு சேர்க்கவும் குளம்; விடுதியின் சாளரத்திலிருந்து நோக்கி மகிழவும் குளம். இக்குளங்களைத் தோண்டியோர் முதலையை நினைத்துத் தோண்டினாரல்லர். முதலையோ தனக்கென்றே தோண்டியதாகக் கொண்டு வந்து குடிபுகுந்தது. அதனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

2016-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் ஆர்லாண்டோ நகருக்கு அண்மையிலுள்ள வால்ட் டிஸ்னி உல்லாச நகரில் நிகழ்ந்தது இப்பொருள் பற்றிப் பேசுவோர் எவரும் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி. அங்குள்ள விடுதி ஒன்றின் முன் மனிதரால் ஆக்கப்பட்ட ஏரி உண்டு. கரையில் வெண்மணல் பரப்பி, சாய்ந்திருக்க நாற்காலிகளும் இட்டிருந்தனர். இரவு ஒன்பது மணியளவில் நெப்ராஸ்கா மாகாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை மணல்வீடு கட்டுதற்காக நீரோரத்திற் குனிந்தது. நீரின் ஆழம் ஓர் அடியும் இல்லை. முதலை குழந்தையைப் பற்றியது. தந்தை பாய்ந்து சென்று அதன் வாயைத் திறக்க முயன்றும் விடுவிக்க இயலவில்லை. மறுநாள் குழந்தையின் உடலை நீரிலிருந்து மீட்டனர்.

அக்கரையில் அறிவிப்புப் பலகைகள் அன்று இல்லாமலில்லை. நீந்துதல் கூடாது என்னும் பொருளுடைய பலகைகள் இருந்தன. முதலை என்னும் சொல் அவற்றில் இல்லை. நெப்ராஸ்கா பிளாரிடாவுக்கு வடமேற்கே நெடுந்தொலைவிலுள்ள உள்நாட்டு மாகாணம். அங்கே அலிகேட்டர் வாழ்வதில்லை. பிளாரிடாவிற் பிறந்து வளர்ந்தவன் நன்னீர் எங்கிருப்பினும் அங்கே முதலையும் இருக்கலாம் எனத் தன்னையறியாமலே அஞ்சி ஒதுங்குவான். அயலூரான் அப்பலகையைப் படித்து, "நீந்துதலன்றோ தடை? யாம் நீந்தவில்லையே!" என்று எண்ணினால் அவன்மீது குற்றம் யாது? தடையின் காரணத்தைச் சொல்லாத பலகை, படித்தவனைக் காவாமற் போயிற்று. விருந்தினரை உபசரித்தலில் உண்டியும் உறையுளும் மட்டுமா அடங்கும்? வாயிற்படியில் நாகம் உலவுமாயின், வந்தவரிடம் அதனைக் கூறாது இலை போடும் வீடு நம் ஊரில் உண்டோ? வந்தவர் அஞ்சித் திரும்பிவிடுவரே என்னும் எண்ணம் வாணிகத்துக்கு இயல்பு என்பர் சிலர். இயல்பாகலாம், அதனை என்னால் ஏற்க இயலவில்லை.

அளவறிந்து கூறுதலும் கடமையாகும். 1948 முதல் 2022 வரை பிளாரிடாவில், மனிதர் தூண்டாதிருக்கவே முதலை கடித்த நிகழ்ச்சிகள் 453 எனவும், அவற்றுள் உயிர்நீத்தோர் 26 பேர் எனவும் அரசினர் கணக்குக் காட்டுகின்றது. இத்துணைக் கோடி மக்கள் நடமாடும் நாட்டில் இது சிறு தொகையே. ஆனால் அச்சாவுகள் ஆண்டுதோறும் ஒரே சீராக வருவனவல்ல. 2006 மே மாதத்தில் ஒரு வாரத்திற்குள் மூன்று பெண்கள் வெவ்வேறிடங்களில் மாண்டனர். 2018-இல் தென் கரோலினா மாகாணத்து ஹில்டன் ஹெட் என்னும் உல்லாசத் தீவில், தன் நாயோடு குளக்கரையில் நடந்த பெண் ஒருத்தி நாயைக் காக்க முயன்று மாண்டாள். 2023 பிப்ரவரியில் பிளாரிடாவிலும் அதற்கு ஒப்பவே, நாயோடு உலாவிய 85 வயது மூதாட்டி உயிரிழந்தாள். நாய் முதலைக்கு இயல்பான இரைபோல் தோன்றுதலின் அதனைக் குளக்கரையில் கொண்டு செல்லலாகாது என்பதை அறிந்தோர் பன்முறை கூறிவருகின்றனர்.

காட்டு முதலை மனிதனைக் கண்டால் விலகிச் செல்வதே பெரும்பான்மை. அவ்விலகலைக் கெடுப்பது மனிதன் வீசும் உணவு. விடுதியின் மாடத்திலிருந்து ஒருவர் விளையாட்டாக ரொட்டித் துண்டை எறிகின்றார். மற்றொருவர் பிடித்த மீனைக் கழுவிக் குடலை நீரில் எறிகின்றார். சில நாட்களில் முதலை மனித உருவத்தையும் உணவையும் ஒன்றாக நினைக்கப் பழகுகின்றது. எறிந்தவர் விடுமுறை முடிந்து ஊர் செல்கின்றார்; அடுத்த வாரம் அதே கரையில் வேறொருவர் குழந்தை விளையாடுகின்றது. இக்காரணம் பற்றியே பிளாரிடாவில் முதலைக்கு உணவிடுதல் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டுள்ளது.

சென்னைக்கு அண்மையிலுள்ள முதலைப் பண்ணைக்கு நண்பரோடு ஒருமுறை சென்றிருந்தேன். நம் நாட்டு முதலைகள் வாயைத் திறந்தபடி, கல்லில் வடித்தவை போலக் கிடந்தன. எங்கள் அருகில் நின்ற ஒருவர் அவை பொம்மையே என வாதாடி, மெய்ப்பிக்கக் கடலைத் தோலை எறிந்தார். ஒரு முதலை தலையைத் திருப்பியது. அவர் பின்வாங்கிய விரைவைக் கண்டு நாங்கள் நகைத்தோம். இடையிற் சுவர் இருந்தமையால் நகைத்தோம் என்பதை அன்றிரவு எண்ணிப்பார்த்தேன். அசையாதிருத்தலைச் சோம்பல் என்றும், சோம்பலைச் சாது என்றும் கொள்வது கண்ணின் பிழை. 2020-இல் தென் கரோலினாவின் கியாவா தீவில், முதலையைத் தொடுதற்கு நெருங்கிய பெண் ஒருத்தி அப்பிழைக்குத் தன் உயிரை விலையாகக் கொடுத்தாள்.

தற்காப்பு முறைகள் அரியனவல்ல. அந்திமுதல் விடியல்வரை நன்னீர்க் கரையை அணுகலாகாது. குழந்தைகளை நீரோரத்தினின்றும் விலக்கி, கைக்கெட்டும் தொலைவில் வைத்தல் வேண்டும். முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓடவேண்டும் என்பது வெறும் கட்டுக்கதை. நேரே அப்பால் ஓடுதலே தக்கது, ஏனெனில் நிலத்தில் அது விரைவில் இளைத்துவிடும். பற்றியதாயின் வாளா இருத்தல் கூடாது. கண்ணிலும் மூக்கிலும் தாக்கிப் போராடுதல் வேண்டும். சிறு கடியாயினும் வாயின் நுண்கிருமிகளாற் புண் சீழ்க்கொள்ளும். மருத்துவரை உடனே நாடல் வேண்டும்.

முதலையின் கதியையும் கூறவேண்டும். நான்கடி நீளமேனும் உள்ள முதலை மக்களுக்கோ வளர்ப்புப் பிராணிகளுக்கோ இடர் விளைக்கும் எனத் தோன்றினால், அரசினரிடம் தெரிவித்தவுடன், உரிமை பெற்ற பிடிப்பவர் வந்து அதனைக் கொண்டுபோவர். இவ்வேற்பாடு 1978 முதல் நடைபெறுகின்றது. அதனைத் தொலைவில் விட்டாலும் பழைய நீரை நாடித் திரும்ப முயலுமாதலின் பெரும்பாலும் கொன்றுவிடுகின்றனர்; தோலும் இறைச்சியும் பிடித்தவர்க்குக் கூலியாகின்றன. உணவெறிந்து பழக்கியவன் விளையாட்டுக்கு விலை கொடுப்பது குழந்தையல்லாத இடத்தும் முதலையாயிற்று. 2016-இல் குழந்தையைத் தேடுங்கால் அவ்வேரியிலும் அதன் புறத்திலும் பல முதலைகளைப் பிடித்துக் கொன்றனர்.

அந்நிகழ்ச்சிக்குப்பின் சில நாட்களுக்குள் அக்கரையிற் கயிற்று வேலி எழுந்தது. பின்னர்ப் பெருங்கற்களும் அடுக்கப்பட்டன. குழந்தையின் நினைவாக 2017-இல் கலங்கரை விளக்க வடிவில் ஒரு சிற்பமும் நாட்டினர். பலகைகளும் மாறின. அங்கு முதலைகளும் பாம்புகளும் உள்ளன, நீரை விட்டு அகன்றிருங்கள், வனவிலங்குகளுக்கு உணவிடாதீர்கள் என்று புதியவை கூறின. எழுத்தறியாக் குழந்தையும் காணும்படி முதலையின் உருவமும் அவற்றில் வரையப்பட்டிருந்தது.