ஊர் வரலாறு பயிற்றுமாறு: திருக்கோவிலை முன்வைத்து ஒரு பாடம்

நம் பாடசாலை மாணாக்கர் மூவேந்தர் சரிதத்தைத் தடையின்றி ஒப்புவிப்பர். தாம் நாடோறுந் தொழுஞ் சந்நிதியின் பழமை யாதென வினவின், வாளாநிற்பர். இக்குறை அவர்க்குரியதன்று; பயிற்றும் நமக்கே உரியது. ஊர்ச் சரிதத்தின் பெரும்பகுதி முதியோர் நாவிலே கிடத்தலின், ஒரு முதியவர் மறையுந்தோறும் நம் முதுசொத்தில் ஒரு பங்கு மறைகின்றது. ஆதலின் திருக்கோவிலையும் அதனையடுத்த கரையூர்களையும் இடமாகக் கொண்டு, நடத்தல், கேட்டல், நினைத்தல் என்னும் மூன்று வழியால் ஊர் வரலாறு பயிற்றுமாற்றை ஈண்டுக் கூறுவாம்.

நடத்தல்: மாணாக்கரைத் தம்பிலுவிற் கண்ணகியம்மன் கோயிலிற் கூட்டி, அங்கிருந்து திருக்கோவிற் கடற்கரையில் விளங்குஞ் சித்திரவேலாயுத சுவாமி கோயில்வரை நடத்துக. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் இவ்விடத்துத் தங்கித் தொழுது, பொத்துவில், உகந்தை, குமணை வழியாகக் காட்டினுட் புகுவர் என்பதையும் உணர்த்துக.

இப்பகுதியிற் கிடைத்த பழந்தமிழ்ச் சாசனங்களுள், தம்பிலுவிற் கல்வெட்டு விசயவாகு என்னும் மன்னன் பெயரையும், சிவஞானசங்கரர் கோயிலுக்கு அளித்த கொடையையும் குறிக்கின்றது. சந்நிதி முன்றிலில் யாம் இதனை எடுத்துரைத்தபொழுது மாணாக்கனொருவன், "ஐயா, கல்லிலே சிவன் பெயர், இங்கே முருகன். இரண்டும் ஒரு கோயிலோ?" என்று வினவினான். "ஆம்" என்று கூறிவிட நமது நா எழுந்தது. ஆயினும் கல் அவ்வாறு கூறவில்லையே. விசயவாகு என்னும் பெயருடைய அரசர் பலராதலின், அதன் காலம்பற்றியும் அறிஞர் ஒருபடித்தாகக் கூறுகின்றிலர். "கல் சொல்வது இவ்வளவே, எஞ்சியதை நீ வளர்ந்து ஆராய்க" என்று விடுத்தோம். நம் சமயத்துக்குப் பெருமை தேடுவான் புகுந்து பொய்ச்சான்று கூறுதல், அப்பெருமைக்கே இழுக்காம்.

கேட்டல்: சூரசங்காரத்தின்பின் வேலினின்றெழுந்த கதிர்கள் மூன்று உகந்தமலையினும் திருக்கோவிலினும் மண்டூரினுந் தங்கின என்பது முதியோர் கூறும் ஐதிகம். இதனை இகழற்க, சாசனத்தோடு கலக்கவும் வேண்டா. மூன்று தலங்களையும் ஒரு தொடர்பாகக் கண்ட முன்னோர் உள்ளத்தை அது காட்டுகின்றது. எவ். எக்ஸ். சீ. நடராசா 1962 இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் இத்தகைய வழிவழிச் செய்திகளைத் தொகுத்ததே என்பதை உளங்கொண்டு அதனைப் படிக்க.

கோயிற் கருமங்களிற் குடிகள் பெறும் உரிமையும், வண்ணக்கர் பதவியும் எவ்வாறு வந்தன என்றுங் கேட்பிக்க. பின்னர் வடக்கே அக்கரைப்பற்றுக்குச் சென்று, முஸ்லிம் பெரியோரையும் வணக்கத்தோடு வினவச் செய்க. தாய்வழியாக எண்ணப்படுங் குடிமுறை அவரிடத்தும் உண்டு. கோயிலுக்கு வண்ணக்கர்போலப் பள்ளிவாசலுக்கு மரைக்காயர் இருப்பர். ஒரே வயல்வெளியும் ஒரே மொழியும் உடைய இவ்விரு சாராருள் ஒருவரை விடுத்து மற்றவர் சரிதத்தை எழுதின், அது பாதிச் சரிதமேயாம். அண்மைக்காலப் பகையும் குருதியும் கண்ட இந்நிலத்தில், இவ்வுண்மையை மாணாக்கர் நம்மிடமிருந்து கேளாராயின், வேறு யாரிடங் கேட்பர்?

நினைத்தல்: ஆடியமாவாசைத் தீர்த்தமும், வைகாசியிற் கண்ணகியம்மன் குளிர்த்தியும் ஊரார் தாமே பேணும் நினைவுநாட்கள். காரைதீவில் 1892 இற் பிறந்து 1947 இல் மறைந்த விபுலாநந்த அடிகளின் நாளையும் நாம் கொண்டாடுகின்றோம். அந்நாளிற் புகழுரைகளோடு அமையாது, அடிகள் பிறந்த ஊருக்கு மாணாக்கரை அழைத்துச் செல்க.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாளை மறவற்க. அன்றைய ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியானோர் மாண்டது அம்பாறை மாவட்டத்திலேயாம். இன்று நம்முன் இருக்கும் மாணாக்கர் அந்நாட்குப்பின் பிறந்தோர். நீர் எவ்விடம்வரை வந்தது, யார் யாரை எவ்வாறு காத்தனர் என்பதைத் தத்தம் வீட்டாரிடங் கேட்டெழுதச் செய்க. கடல் முன்னே உள்வாங்கினாலன்றி அலை வாராது என்னும் எண்ணத்தையும் நீக்குக. அன்று மேற்றிசை நோக்கி வந்த அலை, முதலில் நீரெழுச்சியாகவே கரையை அடைந்தது. இந்நினைவு பிற்காலத்து உயிர்காக்குங் கல்வியுமாம்.

இறுதியாக, மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியிற் கண்டது, கேட்டது, படித்தது என மூன்று நிரல் வகுத்து எழுதுக. கேட்டதன் கீழ்ச் சொன்னவர் பெயரும் நாளும் குறிக்க. ஆண்டிறுதியில் அவற்றைத் தொகுத்துப் பாடசாலையிற் பேணுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா; ஒரு காலைப்பொழுதும், கேட்குஞ் செவியும் போதும். முதியோர் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.