ஒரு ரஸா செரிகிராஃப்: வாங்குவது முதல் மாட்டுவது வரை

எஸ்.எச். ரஸாவின் கான்வாஸ் ஓவியம் இன்று மாதச் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டும் பொருள் அல்ல. ‘சௌராஷ்டிரா’ 2010-இல் லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாயைத் தாண்டியது. ‘ஜெஸ்டேஷன்’ 2023-இல் மும்பையில் 50 கோடியைத் தாண்டியது. ஆனால் பிந்து எனும் அதே கரிய வட்டமும் அதே முக்கோணங்களும், அவரே பென்சிலால் கையெழுத்திட்ட செரிகிராஃபாக, கொஞ்ச காலம் பணம் சேர்த்தால் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. நிஜமான கலைப்பொருள் ஒன்றோடு வாழ விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் டெல்லியில் தன் படங்களின் கண்காட்சிக்குப் போன ரஸா, அங்கே மாட்டியிருந்தவற்றில் பெரும்பாலானவை தான் வரைந்தவையே அல்ல என்று கண்டார். ஓவியர் உயிரோடு இருந்தபோதே நடந்தது இது.

முதலில், வாங்கப்போவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். செரிகிராஃப் என்பது திருப்பூரில் பனியனுக்குப் படம் ஏற்றும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ். மை போகக் கூடாத இடமெல்லாம் அடைக்கப்பட்டிருக்கும். மேலே மையை ஊற்றி ஸ்குவீஜி எனும் ரப்பர் பட்டையால் இழுத்தால் திறந்த இடத்தின் வழியே தாளில் இறங்கும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இருபது நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் இருபது முறை அச்சாகி, இருபது முறை உலர வேண்டும். ஒருமுறை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்தத் தாள் வீண். ஆகவே இதை ‘வெறும் காப்பி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரஸாவில் எதைத் தேர்வது? எழுபதுகளின் பிற்பகுதிக்குப் பிறகு அவர் வடிவியல் பக்கம் வந்த காலத்துப் படங்களைத் தேடுங்கள். பிந்து, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், பஞ்சபூதங்களைக் குறிக்கும் ஐந்து நிறங்கள்: இவை தட்டையான மைப்பரப்பில் அழகாக உட்காரும். பாரீசுக்குப் போன பிறகு ஐம்பது, அறுபதுகளில் அவர் தீட்டிய பிரெஞ்சு நிலக்காட்சிகளின் உயிர் தடித்த வண்ணப்பூச்சில் இருக்கிறது. ஸ்கிரீன் அதைத் தொட முடியாது. கான்வாஸில் அச்சடித்த செரிகிராஃபும் வரும். நான் தாளையே சொல்வேன். தாளில் அச்சு அச்சாகவே நிற்கிறது, கான்வாஸில் ஓவியம்போல் தோன்றப் பார்க்கிறது.

அடுத்தது லென்ஸ். நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கருப்பு வட்டம் சிவப்பைத் தொடும் விளிம்பில் அதை வைத்துப் பாருங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன வட்டங்களாகக் கூடி நின்றால் அது ஆஃப்செட். காலண்டர் அச்சடிக்கும் முறை. ஒழுங்கில்லாமல் சிதறிய நுண்துளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். செரிகிராஃபில் சிவப்பு என்றால் முழுக்கச் சிவப்புதான், இடையில் வேறு நிறத் துளி இருக்காது. விளிம்பில் மெஷ்ஷின் இழை விட்ட மெல்லிய பல் தெரியலாம். பின்னால் விழுந்த மை முன்னால் விழுந்ததன்மேல் ஏறி நிற்கும் மேடு தெரியும். இந்த மேட்டைக் காண இன்னொரு வழி, செல்பேசி டார்ச்சைத் தாளின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடிப்பது. மை தாளின்மேல் படலமாக உட்கார்ந்திருப்பது அப்போது துலங்கும். இங்க்ஜெட்டில் அடித்து மேலே ஒன்றிரண்டு ஸ்கிரீன் மட்டும் போட்டதையும் செரிகிராஃப் என்றே விற்பவர்கள் உண்டு. அதனால் ஒரு இடத்தோடு நிறுத்தாமல், நாலைந்து இடங்களில் லென்ஸை வையுங்கள்.

பிறகு கையெழுத்து. படத்துக்குள்ளேயே ‘ரஸா’ என்று ஒன்று இருக்கலாம். அது மூல ஓவியத்தில் இருந்தது, படத்தோடு சேர்ந்து அச்சானது, கணக்கில் சேராது. நீங்கள் பார்க்க வேண்டியது கீழே வெற்று ஓரத்தில், வழக்கமாக வலப்பக்கம், பென்சிலால் போட்டது. பென்சில் கோடு தாளின் மேடுகளில் மட்டும் படிந்து, லென்ஸில் விட்டுவிட்டுத் தெரியும். சாய்த்தால் சாம்பல் பளபளப்பு வரும். பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. அதே படத்தின் வேறு பிரதியைத் தேடிக் கையெழுத்து, அளவு, மொத்த எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். ரஸா மறைந்தது 2016 ஜூலை 23. அதற்குப் பிந்திய பதிப்பு என்று சொல்லிக்கொண்டே பென்சில் கையெழுத்தைக் காட்டினால், அது எப்படி வந்தது என்று விற்பவர் விளக்கியாக வேண்டும்.

இடப்பக்கம் 37/100 என்பதுபோல் இருக்கும். நூறு பிரதிகளில் இது 37 என்று பொருள். முதல் பத்துக்குள் வரும் எண்ணுக்கு அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். எண் போட்ட வரிசைதான் அச்சான வரிசை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நூறாவது தாளும் முதல் தாளும் ஒரே தரத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் ‘மொத்தம் நூறுதானா?’ என்று கேட்கத் தவறாதீர்கள். ஏ.பி. என்று எழுதியவை ஓவியருக்கென ஒதுக்கியவை, பெரும்பாலும் பதிப்பில் பத்து சதவீதம் அளவுக்கு இருக்கும், எச்.சி. என்றால் விற்பனைக்கு அல்லாமல் ஒதுக்கியவை. கான்வாஸில் தனி வரிசை ஒன்று இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபிரேமுக்குள் இருக்கும் படத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். மவுன்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தையும் வெளிச்சம் பட்ட பகுதியையும் ஒப்பிட்டால் நிறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று புரியும். ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, தாளை அட்டையில் ஒட்டிவிட்டார்களா, பழுப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். அட்டையில் ஒட்டிய தாளை நான் எந்த விலைக்கும் வாங்கமாட்டேன். மையைக் கெடுக்காமல் பிரித்தெடுப்பது பெரும் பாடு. ரசீதில் ஓவியர் பெயர், படத்தின் பெயர், பிரதி எண், அளவு, அச்சு முறை எல்லாம் எழுதி வாங்குங்கள். சான்றிதழ் கூடவே வரட்டும், ஆனால் அதை நம்பி லென்ஸைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். காப்புரிமை உங்களுக்கு வராது. இந்தியச் சட்டப்படி அது ஓவியர் இறந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு, அதாவது 2076 முடியும்வரை, அவருடைய உரிமையாளர்களிடம்தான்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது சுருட்ட வேண்டாம். கனத்த மைப்படலம் இறுக்கிச் சுருட்டினால் விரிசல் விடும். கைரேகை அடர்ந்த கருப்பில் அப்படியே நிற்கும். கழுவித் துடைத்த உலர்ந்த கையால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

ஃபிரேம் கடையில் பக்கத்திலேயே நின்று வேலை வாங்குங்கள். செலோடேப், ஃபெவிகால் இரண்டும் கூடாது. முன்னாலும் பின்னாலும் அமிலமற்ற மவுன்ட் போர்டு. ஹார்ட்போர்டு தாளைத் தொடக் கூடாது. மேல்விளிம்பில் மட்டும், மெல்லிய ஜப்பானியத் தாளில் கோதுமை மாவுச்சத்துப் பசை தடவி, இரண்டு இடங்களில் தொங்கவிட வேண்டும். ஈரத்தில் தாள் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அலையலையாக எழும்பிவிடும். மவுன்ட்டின் கனம் கண்ணாடிக்கும் மைக்கும் இடைவெளி தரும். அது இல்லாவிட்டால், சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில், மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் செலவு செய்யலாம், தவறில்லை.

மழைச் சாரல் வெளிப்புறம் அடிக்கும் சுவர், வெயில் விழும் சுவர், சமையலறைக்கு அடுத்த சுவர் ஆகியவற்றை விடுங்கள். ஃபிரேமின் கீழ்மூலைகளில் பின்பக்கம் இரண்டு கார்க் துண்டுகள் ஒட்டினால் காற்று போய்வரும். கண்ணாடியில் நேராக ஸ்பிரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை படத்தை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். ராமபாணப் பூச்சி அரித்த தடமோ பூஞ்சை வாடையோ இருந்தால், ஃபிரேம் கடைக்குப் போகாமல், தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற கன்சர்வேட்டரிடம் கொண்டுபோங்கள்.