ஆங்காரம் விடுவோம், தேவ சகாயத்தை நாடுவோம்



தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். அவற்றுள் முதலாவதாக எண்ணப்படுவது ஆங்காரம். கோபக்காரன் தன் கோபத்தை ஒருநாள் அறிந்துகொள்வான். சோம்பேறிக்குத் தன் சோம்பல் தெரியும். ஆங்காரம் உள்ளவனுக்கு மட்டும் தன் நோய் தெரிவதில்லை. அயலானிடத்தில் அதை உடனே காண்பான். தன்னிடத்தில் இருப்பதற்கு மானம், மரியாதை, குடும்ப கௌரவம் என்று வேறு பெயர் வைப்பான். ஆகையால் இவ்வாரம் இதைக் குறித்துச் சற்று நிதானமாய்ச் சிந்திப்போம்.

ஆங்காரம் ஆவதென்ன?

சர்வேசுரன் இரவலாய்த் தந்ததைத் தன் சொந்தம் என்று எண்ணி, அதன்மேல் சாய்ந்து நிற்பதே ஆங்காரம். பணம், பதவி, குலம், படிப்பு, உடல்வலிமை, பிள்ளைகளின் சம்பாத்தியம் ஆகிய இவையெல்லாம் நல்லவையே. இவற்றை அனுபவிப்பது பாவமல்ல. இவை இருப்பதால் எனக்கு ஒரு குறையும் வராது என்று நெஞ்சில் உறுதிகொள்வதும், இவை இல்லாதவனைக் கீழாய்ப் பார்ப்பதுமே பாவம். புண்ணியத்தின்மேலும் ஒருவன் இப்படிச் சாயலாம். நமதாண்டவர் சொன்ன உவமையில், தேவாலயத்தின் முன்னால் நின்ற பரிசேயன் தன் ஒருசந்திகளையும் காணிக்கைகளையும் எண்ணிக் காட்டினான். எண்ணியவை பொய்யல்ல. ஆயினும் அவன் வெறுங்கையாய்த் திரும்பினான். தூரத்தில் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரனே பாவம் நீங்கி வீடு சேர்ந்தான்.

நம் ஊரில் ஓர் உதாரணம்

இப்பாடத்துக்கு உதாரணம் தேடி ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி, நட்டாலத்தில் ஒரு நாயர் குடும்பத்தில் நீலகண்ட பிள்ளை பிறந்தார். வளர்ந்து, மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பெற்றார். அந்நாளில் திருவிதாங்கூரின் தலைநகர் நம் பத்மநாபபுரமே. குலப்பெருமை, அரண்மனைச் சேவகம், ராஜாவின் தயவு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் வேறு எதை நாடுவார்?

1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றார்கள். பிடிபட்ட தளபதி டிலனாய் பின்பு மகாராஜாவின் படையிலேயே பணியாற்றினார். அவர் கத்தோலிக்கர். அவருடன் நீலகண்ட பிள்ளைக்கு நட்பு உண்டாயிற்று. அக்காலத்தில் பிள்ளைக்குக் கால்நடையும் விளைச்சலும் நஷ்டப்பட்டு மனம் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார் என்று பெரியோர் சொல்லுவர். எல்லாம் இழந்த மனிதன் ஒருவன், கொடுத்தவரை மறவாமல் நின்ற சரித்திரம் அது. பிள்ளையின் உள்ளத்தில் அது ஆழமாய்ப் பதிந்தது.

1745-ம் ஆண்டு மே 14-ம் தேதி, வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவரிடத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரையே தமிழாக்கித் தேவசகாயம் என்று அவருக்கு இட்டார்கள். சர்வேசுரன் துணை செய்தார் என்பது அதன் பொருள். அவர் மனைவி பார்கவியம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் தரித்தாள்.

அந்தப் பெயரின்படி வாழ்வது எளிதாயிருக்கவில்லை. சாதி வேற்றுமை பாராமல் எல்லோரும் சமம் என்று தேவசகாயம் போதித்தார். தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவர்களோடு கலந்து பழகினார். இது மேலோர் பலருக்கு வெறுப்பை உண்டாக்கிற்று. 1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் தேதி கைதுசெய்யப்பட்டார். நேற்றுவரை அரண்மனை உத்தியோகஸ்தராய் மதிப்புடன் நடந்தவரை, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராய் இழுத்துச் சென்று அவமானப்படுத்தினார்கள். அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பதவி போயிற்று, குலத்தார் ஆதரவு போயிற்று, உடல்வலிமையும் போயிற்று. சாய்ந்து நிற்கத்தக்க ஒவ்வொரு தூணும் விழுந்தபின் மீதியாய் நின்றது ஞானஸ்நானப் பெயர் ஒன்றே. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் செபித்துத் தம் முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவருகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடத்தை இன்றும் வணங்கி வருகிறோம்.

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியாய் மரித்தார். வயது முப்பத்தொன்பது. கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அவர் கல்லறையைத் தரிசிக்கிறோம்.

இரண்டு தவறான எண்ணங்கள்

தாழ்ச்சி என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று சிலர் எண்ணுவர். தேவசகாயம் விசுவாசத்தை விட்டுவிடு என்றபோது தலையாட்டவில்லை. தமக்கு நேர்ந்த அவமானத்தைப் பொறுத்தார், ஆண்டவருக்குரியதை விட்டுக்கொடுக்கவில்லை. தன் பெருமைக்காகச் சண்டையிடுபவனும் சத்தியத்துக்காக உறுதியாய் நிற்பவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். முந்தினவன் எதிராளி தாழ வேண்டுமென்று விரும்புவான். பிந்தினவன் அவனுக்காகவும் செபிப்பான். இதைக்கொண்டு நம்மை நாமே சோதித்துக்கொள்ளலாம்.

சர்வேசுரனை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று வேறு சிலர் எண்ணுவர். அதுவும் தவறு. உழவன் உழுது விதைக்கத்தான் வேண்டும். மழை தன் கையில் இல்லை என்பதை மறவாதிருந்தால் போதும். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ச். இராயப்பரே சாட்சி. உயிர் போனாலும் மறுதலியேன் என்று தம் தைரியத்தின்மேல் சாய்ந்து பேசினார். அன்றிரவே ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சி மறுதலித்தார். அழுது எழுந்தபின் தம் பலத்தை அல்ல, ஆண்டவருடைய பலத்தையே நம்பினார்.

கோவிலுக்குள்ளும் நுழையும்

ஞானஸ்நானம் பெற்றுவிட்டோம், இனி ஆங்காரம் நம்மை அணுகாது என்று இருந்துவிடலாகாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டிய கோவிலில் சாதியார் தனித்தனியே இருந்து பூசை காண நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். ஒரே பீடத்தின்முன் இரண்டு கூட்டம்! 1910-ல் அந்தச் சுவர் நீக்கப்பட்டது. கற்சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். நெஞ்சில் எழுப்பிய சுவரோ, கலியாணப் பேச்சு வரும்போதும், விருந்துக்கு இலை போடும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்க்கும்போதும் தலைகாட்டுகிறது.

2022-ம் ஆண்டு மே 15-ம் தேதி, பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் தேவசகாயத்துக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். இந்தியப் பொதுநிலையினரில் இப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அப்போது திருச்சபை அறிக்கையிட்ட பெயரில் பிள்ளை என்ற சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. தேவசகாயம் என்றே அறிக்கையிட்டது. குலம் தந்த பட்டம் நின்றுபோயிற்று. ஞானஸ்நானம் தந்த பெயர் பீடமேறிற்று. அவர் சேவகம் செய்த அரண்மனையை இன்று சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கிறோம். உலக மகிமை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் ஊரே பாடம்.

வீட்டில் கேட்டுக்கொள்ளவேண்டியவை

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் இவற்றைக் கேட்டுக்கொள்வது நன்று.

1. வரப்புத் தகராறிலோ பாகப்பிரிவினையிலோ சகோதரனிடம் பேசாதிருக்கிறேனா? நியாயம் என் பக்கம் இருந்தாலும், முதலில் பேசுவதற்குத் தடையாயிருப்பது எது?

2. பிறர் மெச்சவேண்டுமென்று கடன் வாங்கியாவது கலியாணத்தை ஆடம்பரமாய் நடத்த நினைக்கிறேனா?

3. துன்பம் வந்தால், எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் சர்வேசுரனை நினைக்கிறேனா?

4. பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தைச் சொல்லுகிறேனா, பிறர் பாவத்தைச் சொல்லுகிறேனா?

இவ்வார நற்செயல்

காலையில் எழுந்தவுடன் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய வேலையைச் சர்வேசுரனிடம் ஒப்புக்கொடுங்கள். வீட்டில் மனத்தாங்கல் இருந்தால், வயதில் மூத்தவரே முதலில் மன்னிப்புக் கேட்கட்டும். பிள்ளைகள் அதைக் கண்டு படிப்பார்கள். ஞாயிறு பூசையில், யாரருகே இருக்க மனம் கூசுகிறதோ, அவரருகே சென்று அமருங்கள்.

செபம்: ஆண்டவரே, எங்களுடையது என்று நாங்கள் எண்ணியிருப்பதெல்லாம் உம்முடையதே. அவை இருக்கும்போது மேட்டிமை கொள்ளாமலும், அவை நீங்கும்போது சோர்ந்துபோகாமலும், உமது துணையையே பற்றிக்கொள்ள எங்களுக்கு வரம் தாரும். அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.