முதலில் அந்தப் பாப்பாவின் ஊசி

கேள்வி: நாங்கள் கூட்டுக் குடும்பம். சென்ற ஆண்டு ஜூனில் என் கணவரின் அண்ணன், 46 வயது, கொரோனாவில் போய்விட்டார். அதற்கு 11 நாள் முன்னால்தான் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டிருந்தார். நாலாம் நாள் காய்ச்சல், அப்புறம் இருமல், ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் பாதிக்கு மேல் பாதிப்பு. “வேண்டாம்னு சொன்னவனை நான்தான் கேம்ப்புக்குப் போடான்னு அனுப்பி வச்சேன்” என்று என் மாமியார் இன்றும் அழுகிறார். அதிலிருந்து வீட்டில் ஊசி என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியிலேயே ஜனவரியில் கொரோனா ஊசி போட்டார்கள். என் கணவர் அன்றைக்கு அவளை லீவு போட வைத்துவிட்டார். இப்போது ஏழாம் வகுப்பு மகனுக்கும் போடலாம் என்கிறார்கள். நான் வாயைத் திறந்தால், “நடிகர் விவேக்குக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கொழுந்தனாரின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் போட வேண்டிய ஊசிக்குக்கூட, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மாமியார் நர்ஸம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவருக்குத் தெரியாமல் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்ப் போட்டுவிடலாமா, டாக்டர்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம், ஏப்ரல் 2022)

பதில்: வேண்டாம் அம்மா, தெரியாமல் போடாதீர்கள். அன்றிரவு பையனுக்கு உடம்பு சுட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். வராமலே போனாலும், அடுத்த ஆறு மாதத்துக்கு அவனுக்கு வரும் தலைவலி, வயிற்றுவலிக்கெல்லாம் பழி அந்த ஊசி மேலும் உங்கள் மேலும் விழும். அப்பாவிடம் சொல்லாதே என்று பிள்ளைகளின் வாயைக் கட்டுவதும் சரியில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிற விஷயம்தான் எனக்கு முதலில் உறைத்தது. அந்த ஒன்றரை வயதுக் குழந்தை. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு பூஸ்டர், போலியோ சொட்டு எல்லாம் போட்டாக வேண்டும். தட்டம்மை அத்தனை எளிதில் பரவும்: பாதுகாப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு ஒட்டும். இரண்டு வருடமாகப் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள், முகக்கவசம் இருந்தது. இப்போது எல்லாம் திறந்தாகிவிட்டது. 2020இல் மட்டும் உலகம் முழுக்க 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் வழக்கமான தடுப்பூசிகளை முறையாகப் போட்டுக்கொள்ளவில்லை. அதில் நம் நாட்டுக் குழந்தைகள் ஏராளம். குழந்தைகளுக்குக் கொரோனா செய்த பெரிய கெடுதல்களில் இதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையில் முதலில் தீர வேண்டியது இந்த ஊசி. உங்கள் பிள்ளைகளின் ஊசி இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 12 வயதுப் பையனுக்குக் கொரோனா வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு போய்விடும். இதை மறைத்துப் பேசுவதால்தான் பெற்றோர் நம்மை நம்ப மறுக்கிறார்கள். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது எல்லோருக்கும் ஆகாது. கொரோனா வந்துபோன சில வாரங்கள் கழித்து, அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை விடாத காய்ச்சலும் சிவந்த கண்ணும் வயிற்றுவலியுமாக, இதயம் தளர்ந்து ஐ.சி.யூ.வில் படுத்ததை எங்கள் வார்டிலேயே பார்த்தோம். அரிதுதான். அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் என் பக்கம்.

இனி உங்கள் மாமியார். ‘நான்தான் அனுப்பி வச்சேன்’ என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். ஊசி மேல் இருக்கும் பயத்தைவிட, மகனைத் தானே சாகக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்புதான் அவரை அரிக்கிறது. அவரிடம் விஞ்ஞானம் பேசி ஜெயிக்கப் பார்த்தால் அந்தப் புண்ணைக் கிளறுவதாகத்தான் முடியும். உங்கள் கணவரின் அண்ணனுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக்கொண்டு, கணவரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, உங்களுக்குப் பழகிய டாக்டரிடம் ஒரு தடவை உட்காருங்கள். நீங்கள் எழுதியதை வைத்து எனக்குத் தோன்றுவது இது: கொரோனாக் கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிவரப் பெரும்பாலும் நாலைந்து நாளாகும், சிலருக்கு 14 நாள்கூட ஆகும். கேம்ப்புக்குப் போனபோதே அவருக்குத் தொற்று இருந்திருக்கலாம், அதையொட்டி வந்திருக்கலாம். முதல் ஊசி கொஞ்சமாவது பாதுகாப்புத் தர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. கோவிஷீல்டில் உயிருள்ள கொரோனாக் கிருமி கிடையாது. அது கொரோனாவைக் கொடுக்க முடியாது. மிக மிக அரிதாக அதனால் ரத்தம் கட்டியவர்கள் உலகில் உண்டு. அந்த அண்ணனுக்கு நடந்தது அப்படித் தெரியவில்லை. இதை ஒரு டாக்டர் நேரில், உங்கள் மாமியாரின் முகத்தைப் பார்த்து, “உங்களால் இல்லை அம்மா” என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

விவேக் சாரின் மரணம் தமிழ்நாட்டையே உலுக்கியது. 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னவர், மறுநாள் மாரடைப்பில் விழுந்து 17ஆம் தேதி போய்விட்டார். யாருக்குத்தான் பயம் வராது? தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதை விசாரித்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. மரணச் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளில் பாதிக்குக்கூட அந்த முடிவு போய்ச் சேரவில்லை.

உங்கள் கணவர் சந்தேகப்படுவதற்காக அவரை விவரமில்லாதவர் ஆக்கிவிடாதீர்கள். 1955இல் பி.சி.ஜி. ஊசியை ஊர் ஊராகப் போடுவதை ராஜாஜியே எதிர்த்து எழுதினார். பின்னால் செங்கல்பட்டு வட்டாரத்தில் லட்சக்கணக்கானோரிடம் பல வருடம் சோதித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. கைக்குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால் இன்றும் பிறந்ததும் போடுகிறோம். கேள்வி கேட்பது நல்லதுதான். பதில் வந்த பிறகும் காதைப் பொத்திக்கொள்வதுதான் சிக்கல்.

கணவரிடம் பதிலாகச் சொல்லச் சில விஷயங்கள் தருகிறேன். மகளுக்கான கோவாக்சின், செத்த கிருமியை வைத்துச் செய்தது. நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் அந்த வகைதான். மகன் வயதுப் பிள்ளைகளுக்கு மார்ச் 16 முதல் போடும் கோர்பேவாக்ஸ், கிருமியின் ஒரு புரதத் துண்டை ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்தது. அவன் பிறந்த அன்று மஞ்சள் காமாலைக்கு (ஹெபடைட்டிஸ் பி) ஊசி போட்டிருந்தால், அதுவும் அப்படிச் செய்ததுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் இதய அழற்சிச் செய்தி, வெளிநாட்டில் போடும் ஃபைசர், மாடர்னா ஊசிகளைப் பற்றியது. அங்கும் அது அரிது.

அவர் அதன் பிறகும் மறுத்தால், வற்புறுத்த முடியாது. யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று மத்திய அரசே ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் மகளை உட்கார வைத்துப் பேசுங்கள். அவள் உடம்பில் போகிற ஊசி. இதுவரை அவளிடம் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

பாப்பா விஷயத்தில் உங்கள் ஓரகத்தியிடம் முதலில் பேசுங்கள், குழந்தை அவருடையது. அவர் சம்மதித்தால் வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள், முடிந்தால் மாமியாரையும் அழைத்துக்கொண்டு. மருந்துக் குப்பியை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள், நர்ஸம்மா காட்டுவார். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சின்னச் சதுரம் இருக்கும். மருந்து சூடுபடச் சூடுபடச் சதுரம் கறுக்கும். வட்டத்தைவிடச் சதுரம் வெளுப்பாக இருந்தால்தான் போடுவார்கள். மாமியார் தன் கண்ணால் பார்க்கட்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முத்தடுப்பு போட்ட இடம் வீங்கும், ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் வரும். எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் அளவை நர்ஸம்மாவிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 104க்கு அழைக்கலாம். வலிப்பு வந்தாலோ, விடாமல் வீறிட்டு அழுதாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.