நொட்டாங்கைக்கும் வேலை கொடுப்போம்!

பறை அடிக்கிறவங்க கையைக் கவனித்திருக்கிறீர்களா? வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி இருக்கும். இடது கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சிண்டுக்குச்சிதான் பின்தங்கும். காரணம் என்ன? எழுதுவது, சாப்பிடுவது, தண்ணீர் மொள்ளுவது எல்லாமே சோத்துக்கைதான். நொட்டாங்கைக்கு வேலையே இல்லை. அதான் தடுமாறுது.

பயிற்சி செய்வது எப்படி?

1. சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு அடித்துப் பழகவும். சத்தம் வராது, வீட்டில் திட்டும் விழாது.

2. முதலில் இடது கையால் மட்டும் மெதுவாக 50 அடி. குச்சியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தோளை ஆட்டாமல் மணிக்கட்டால் அடிக்கணும்.

3. பிறகு 'த-கி-ட' என்று வாயால் சொல்லிக்கொண்டே கை மாற்றி மாற்றி அடிக்கவும். 'த'வை மட்டும் அழுத்தி அடிக்கணும். முதல் தகிட வலது கையில் தொடங்கினால், அடுத்தது தானாகவே இடது கையில் தொடங்கும். மூன்று ஒற்றைப்படை எண் அல்லவா! 'தகதிமி' என்றால் நாலு. அதில் எப்பவும் வலது கையே முந்தும்.

4. தினமும் 10 நிமிடம் போதும். கை வலித்தால் நிறுத்திவிடவும். இரண்டு கைச் சத்தமும் ஒன்றுபோல் கேட்ட பிறகே வேகம் கூட்டவும்.

"பொம்பளப் புள்ளைங்களுக்குப் பறை அடிக்கக் கை வலுக்காது"ன்னு சிலர் சொல்றாங்க. சோத்துக்கை பிறந்த அன்னைக்கே எழுதிச்சா? வேலை கொடுத்தோம், பழகிச்சு. நொட்டாங்கையும் அப்படித்தான். நாங்களும் அப்படித்தான்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி